அன்னம் பிரிக்காத பால்

நவம்பர் 6

அன்புள்ள சகலைக்கு,

இங்கே யாருக்கும் தலைவலி காய்ச்சல்கூட இல்லை. அங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது என்று உங்கள் வீட்டுக்காரி சொன்னாள். உங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அவளும் குழந்தை பட்டாணியும் இங்கேதான், அதில் மறுபேச்சு வேண்டாம். பட்டாணி காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் பெரியப்பா பாலைக் குடித்துவிட்டு, அந்தத் தெம்பில் பெரியப்பா முதுகிலேயே சவாரி போகிறாள்.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். அக்காளும் தங்கையும் பேசி முடித்துப் போன் என் கைக்கு வரும்போது அதற்கும் உயிர் இருப்பதில்லை, அந்தப் பக்கம் உங்களுக்கும் இருப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் பால் கேட்கிறார்கள். பெரிய கம்பெனிக்காரன் நம் கடைகளை ஒவ்வொன்றாக வளைத்துப்போட்டு வருவது உங்களுக்குத் தெரியும். இந்த ஆர்டர் வந்தால் பிளாண்ட் பிழைக்கும். வராவிட்டால் எரியும் அடுப்பில் தண்ணீர் ஊற்றிய கதைதான், பாதிப் பேரை நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். அங்கே இருக்கும் டாக்டரம்மா ஒரு புதுச் சான்றிதழ் கேட்கிறார். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் நியாயம். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்கிறார்! தூசி எண்ணுவதற்கென்றே சம்பளம் வாங்கும் சகலை நமக்கு இருக்கும்போது என்ன கவலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நம் பிளாண்டில் ஒரு சொட்டு வீணாவதில்லை. கசியும் பாக்கெட்டுகளைக்கூட நான் செய்த ‘அன்னம்’ என்கிற கருவி பார்த்துக்கொள்கிறது. அன்னப்பறவை பாலையும் தண்ணீரையும் பிரிக்கும். நம் அன்னம் பாலையும் கவரையும் பிரிக்கும். நீங்கள்தான் இன்னும் வந்து பார்க்கவில்லை.

பெட்டியில் ஐஸ் வைத்துப் பால் அனுப்பியிருக்கிறேன். கூடவே என் வீட்டம்மா பின்னிய ஸ்வெட்டரும் இருக்கிறது. போட்டுக்கொண்டால் எங்கள் கம்பெனி ஆள் மாதிரியே இருப்பீர்கள்.

நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
பால்காரச் சகலை


நவம்பர் 19

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகமும் இப்படியே நீடிக்கட்டும். எனக்கு ஜலதோஷம், வேறொன்றும் இல்லை. பெட்டி பத்திரமாக வந்தது, ஐஸ்கூட முழுசாகக் கரையவில்லை.

அக்காவிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். எங்கள் சோதனைக்கூடத்தில் இயந்திரங்களுக்காக அறையைக் குளிராகவே வைத்திருக்கிறார்கள்; இயந்திரம் சுகமாக இருக்கிறது, மனிதர்கள்தான் நடுங்குகிறோம். ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை.

சொந்தக்காரர் பாலுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. சோதிப்பது நான், கையெழுத்து என் மேலதிகாரி. இதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

முடிவு சொல்லக் கொஞ்ச நாளாகும். இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

பட்டாணிக்கு முத்தம்.

அன்புடன்,
தூசி எண்ணும் சகலை


டிசம்பர் 12

அன்புள்ள சகலைக்கு,

ஜலதோஷம் விட்டதா? மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடியுங்கள். இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டு இருக்கிறோம்.

‘இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று எழுதிவிட்டு மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என் மச்சினியைக்கூட இத்தனை முறை நீங்கள் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் இளித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு சமாசாரம். பட்டாணிக்கு நம் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மச்சினி நிறுத்திவிட்டாள். கழுத்து வலிக்கிற அளவுக்கு என் மேல் குதிக்கிற பிள்ளைக்கு வயிற்றில் என்ன கோளாறு? கேட்டால் மச்சினி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள்.

உடனே எழுதவும்.

பால்காரச் சகலை


டிசம்பர் 20

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

உங்கள் நலனும் அக்காவின் நலனும் என் நினைவிலேயே இருக்கின்றன. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதம்.

உங்கள் பாலில் பிளாஸ்டிக் இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். இரண்டு வகை. ஒன்று, நீல நிறத்தில் நூல் மாதிரி இழைகள். இன்னொன்று, நிறமில்லாத மெல்லிய சில்லுகள். இரண்டுமே வெறும் கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். சில்லுகள் உங்கள் கவரின் அதே ரகம். கவரில் அச்சும் நீலம் என்பதால், இழைகளும் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இது உடம்புக்கு என்ன செய்யும் என்று யாராலும் இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் குழந்தைகள் வார்டுக்கு இந்த நிலையில் எழுதிக் கொடுக்க என் மேலதிகாரி ஒப்பமாட்டார். நானும் ஒப்பமாட்டேன்.

என் மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
சகலை


ஜனவரி 3

சகலைக்கு,

சௌக்கியமாக இருப்பீர்கள், உங்களுக்கென்ன. எங்கள் சௌக்கியத்தைத்தான் டிசம்பரிலேயே நீங்கள் வாங்கிவிட்டீர்களே.

நேற்று ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுக்கப் போனேன். காய்கறிக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தூக்கு ஒளிந்துகொண்டிருந்தது. திறந்தால் பால். அடுத்த தெருவில் இரண்டு மாடு வைத்திருக்கிறானே, அவன் வீட்டுப் பால். பால்காரன் வீட்டில் பால் கடன்! மச்சினியைக் கேட்டேன். அழுதாள். “அவருதான் போன்ல சொன்னாரு மாமா, உங்ககிட்ட சொல்ல வேணாம்னு” என்றாள். எப்போது சொன்னாராம்? நவம்பர் கடைசியில்.

அதாவது உங்கள் மகளுக்கு நவம்பரிலேயே தெரிந்த விஷயம் எனக்கு டிசம்பர் கடைசியில்தான் தெரிந்தது. ‘இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று எனக்கு எழுதிவிட்டு, அந்தப் பக்கம் போனில் பிள்ளைக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இதுதான் போலிருக்கிறது. பிளாஸ்டிக் இருப்பதைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது, சகலை. ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு மாதமும் அதே பாலைத்தானே குடித்தார்கள்? என்னிடம் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் ஒரு மாதம் முன்னால் வழி பிறந்திருக்குமே.

நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சே இல்லாத வெள்ளைக் கவர் வரவழைத்து, அதில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். இதிலும் நீலம் இருக்கிறது என்று எழுதினீர்களானால் மீசையை எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவன்


ஜனவரி 22

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

உங்கள் கோபம் ஆறாவிட்டாலும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

வெள்ளைக் கவர்ப் பாலிலும் நீல இழை இருந்தது. அச்சே இல்லாத கவரிலிருந்து நீலம் எப்படி வரும்? சுத்தமான தண்ணீரை எடுத்து, பாலைச் சோதிப்பது போலவே அதையும் சோதித்தேன். அதிலும் நீலம்! மேலதிகாரியிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நிறத்தைப் பாத்தீரே, அது என்ன ரகம்னு பாத்தீரா?” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து விளக்கடியில் காட்டினார்.

ஸ்வெட்டர், சகலை. அக்கா உங்கள் பாக்கெட் நீலத்திலேயே தேடிப்பிடித்து வாங்கிய நூல். அந்த நூலும் ஒரு பிளாஸ்டிக்தான். நான் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் அது உதிர்ந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே தண்ணீரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கவரின் நீலம் கண்ணிலேயே இருந்ததால் சந்தேகம் வரவில்லை. இந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்த எல்லாச் சோதனையையும் மறுபடி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது பருத்தி அங்கிதான், பல் தந்தியடிக்கிறது.

நீலம் என் தவறு. உங்கள் பாலின் மேல் போட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

(மறுபக்கம் பார்க்கவும்)

ஆனால் நிறமில்லாத சில்லுகள் தண்ணீரில் இல்லை. உங்கள் பாலில் மட்டும்தான் இருக்கின்றன, வெள்ளைக் கவர்ப் பாலிலும் இருக்கின்றன. அவை எங்கே சேர்கின்றன என்று தெரிய வேண்டும். மாட்டுக்காரர்கள் கொண்டுவரும் கேன், உங்கள் பெரிய தொட்டி, கடைசியில் பாக்கெட் என்று மூன்று இடத்துப் பாலைத் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் அனுப்புங்கள்.

பட்டாணி விஷயம். மைக்ராஸ்கோப்பில் முதல் சில்லைப் பார்த்ததும் எனக்கு அவள் டம்ளரைத் தூக்கிக் குடிப்பதுதான் தெரிந்தது. பயந்துபோனேன். பயந்தவன் உங்களிடம் சொல்லத் துணியவில்லை. மற்ற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

சகலை


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பாடு வேளாவேளைக்கு நடக்கிறதா? உங்கள் பெண்டாட்டியும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் அண்ணன் முதல் பக்கத்தைப் பிளாண்டில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்தார். “நீலம் நம்மது இல்லடா! எம்பொண்டாட்டி கைவேலைடா!” என்று ஒரே கொண்டாட்டம். மறுபக்கத்தைத் திருப்பினார். அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டை மாற்றினால் கடிதமும் பை மாறுகிறது.

மீசையில் மண் ஒட்டவில்லை என்று இருக்கிற ஆள் இல்லை அவர், தம்பி. ஒட்டியது எங்கே என்று தெரியாமல் தவிக்கிறார். நான் பேசாமல் இருந்தால் இது இப்படியே கிடக்கும் என்று நேற்று நானே பிளாண்டுக்குப் போய் மூன்று இடத்திலும் பால் பிடித்தேன். தொட்டிப் பால், பாக்கெட் போடும் முன்னால் பிடித்தது. பாட்டில்களில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அவருக்குத் தெரியாமல்தான் பெட்டியைக் கட்டினேன். காலையில் தபாலுக்கு எடுத்துப் போகும்போது பெட்டி கனத்தது. திறந்து பார்த்தால், நான் வைத்த ஐஸுக்கு மேல் இன்னொரு அடுக்கு ஐஸ் இருக்கிறது. அப்படியே மூடிக் கட்டி அனுப்பிவிட்டேன்.

அந்த ஸ்வெட்டரை வெளியே போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். அதற்கென்ன தெரியும் பாவம்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கும் சகலை அவர்களுக்கும்,

இங்கே குளிர் இறங்கிவிட்டது, எனக்கும் சளி விட்டது. அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இருவரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இந்த முறை தண்ணீரையும் பக்கத்தில் வைத்தே பார்த்தேன், ரகமும் பார்த்தேன். கேன் பாலில் சில்லு இல்லை என்றே சொல்லலாம். பாக்கெட் பாலில் இருக்கிறது. ஆனால் பாக்கெட்டுக்குப் போகும் முன்னால், தொட்டியிலேயே கிட்டத்தட்ட அவ்வளவும் இருக்கிறது! சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வருகிறது.

கவரைத் தொடாத பாலில் கவரின் சில்லு எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கேனுக்கும் தொட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று நான் இங்கிருந்து பார்க்க முடியாது. சகலை, அங்கே நின்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஓரிடத்தில் சேர்வதை ஓரிடத்திலேயே நிறுத்திவிடலாம். நான் நம்பிக்கையோடு இருக்கிறேன்.

உங்கள்,
சகலை


மார்ச் 18

அன்புள்ள சகலைக்கு,

நலம். சொல்வதற்காகச் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் உண்மையிலேயே நலம்.

உங்கள் கடிதம் வந்ததும் தொட்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பால் வந்தது, குளிர்ந்தது, சூடாயிற்று, தொட்டிக்குப் போயிற்று. எல்லாம் ஸ்டீல் குழாய், எங்கும் கவர் இல்லை. சகலைக்கு மறுபடியும் கண் கெட்டுவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது பேக்கிங் ஆள் கசிந்த பாக்கெட்டுகளை ஒரு கூடையில் கொண்டுவந்தான். நேராக அன்னத்திடம் போனான்.

அன்னம் என்றால் என்ன தெரியுமா? ஒரு பலகை, அதில் ஒரு பிளேடு, கீழே புனல், புனலிலிருந்து தொட்டிக்குக் குழாய். பாக்கெட்டைப் பிளேடின் மேல் வைத்துச் சர்ரென்று இழுத்தால் வயிறு கிழிந்து பால் கொட்டும், கவர் கையில் நிற்கும். கூடை கூடையாக, வருஷக்கணக்காக. நான் அந்தப் பிளேடை விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் மாவு மாதிரி ஒட்டியது. விளக்கில் காட்டினேன், மின்னியது.

பாலையும் கவரையும் பிரிக்கிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, அது இரண்டையும் கலந்துகொண்டிருந்திருக்கிறது சகலை. என் கையால் செய்தது.

அன்றே கழற்றிவிட்டேன். கசிந்த பாக்கெட்டை இப்போது கொட்டிவிடுகிறோம். முதல் கூடையை நானே கொட்டினேன். அப்புறம்தான் புத்தி வந்தது: கசிந்த பாலைக் காப்பாற்ற இயந்திரம் செய்தவனுக்கு, கவர் ஏன் கசிகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை! கவரின் வாயை ஒட்டும் சூட்டுக் கம்பி தேய்ந்துபோயிருந்தது. மாற்றினேன். கூடை கூடையாக வந்தது இப்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கவரே வேண்டாம், ஸ்டீல் கேனிலேயே கொண்டுபோகலாம் என்று ஏற்பாடும் செய்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆர்டர் போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதுவரைக்கும் வந்த பால்காரங்க எல்லாரும் ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாங்க. இருக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்” என்றார். இந்தப் பெட்டியில் வரும் பாலை அவர் ஆட்களே கேனிலிருந்து பிடித்து முத்திரை வைத்திருக்கிறார்கள். கடைக்குப் போகும் பாக்கெட்டும் தனியாக இருக்கிறது. முடிவு எதுவானாலும் எனக்கு முதலில் எழுதுங்கள்.

தூக்குப் பால் தொடரட்டும் என்று மச்சினியிடம் நானே சொல்லிவிட்டேன். இனி அதைக் காய்கறிக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம், முன்னாலேயே வைக்கட்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் முதலில் பிள்ளைக்குத்தான் போன் செய்திருப்பேன்.

உங்கள்,
சகலை


ஏப்ரல் 6

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

உங்கள் மார்ச் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் உடம்பு லேசாக இருக்கிறது. அக்காவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டபடி உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். டாக்டரம்மாவுக்குப் போகும் தாளில் மேலதிகாரி நாளைக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

பூஜ்யம் என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. எழுத முடியாது. பூஜ்யம் காட்டிய பால் இதுவரை என் மேஜைக்கு வந்ததில்லை, காற்றிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கான கேன் பாலில், நான் பக்கத்தில் வைத்த வெறும் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. என்னை நம்பாமல் மேலதிகாரியே உட்கார்ந்து ஒரு முறை பார்த்தார், அவருக்கும் அதே முடிவு. பாக்கெட் பாலில் கொஞ்சம் இருக்கிறது. முன்பு ஒரு கூடை என்றால் இப்போது ஒரு பிடி. அது கவரே கொடுப்பது. அதையும் குறைக்க வழி இருக்கும், யோசிப்போம். பெட்டி வந்த அன்றே டாக்டரம்மா போனில் என்னிடம், “அந்தத் தாள் மட்டும் நல்லபடியா வரட்டும், அடுத்த வாரத்துலேருந்து கேன் வரச் சொல்லிடறேன்” என்றார். ஆகவே யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நாலைந்து நாளாகும். அதற்குள் ஒன்று நடந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் மறுபடியும் உங்களை முந்திக்கொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பார்த்த கையோடு உங்கள் மச்சினிக்குப் போன் செய்தேன். பட்டாணிக்குச் சாயங்காலப் பாலைக் கேனிலிருந்து எடுத்துக் கொடு என்றேன்.

“எந்தப் பாலு?” என்று கேட்டாள்.

“பெரியப்பா பாலுதான்” என்றேன்.

உங்கள்,
சகலை